கணக்கு போனும் ஐந்து கதவுகளும்

சொன்ன விலைக்கு நான் எதையும் வாங்கியதில்லை. இது பெருமை இல்லை, தொழில். இடிக்கப்போகிற கட்டடங்களிலிருந்து கதவு, ஜன்னல், நிலை, கம்பி எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து விற்கிறவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு லாரி ஏறியவன். உள்ளங்கையில் ஆணி ஏறி, நாலு பேரிடம் ஏமாந்து, ஐந்தாவது ஆளின் முழியைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டு மேலே வந்தவன். கடைத்தெருவில் எனக்குப் பெயர் ‘பாதி’. யார் என்ன சொன்னாலும் அதில் பாதியைத்தான் முதலில் சொல்வேன். மணி பத்து என்றால்கூட ‘அஞ்சுக்குத் தருவியா’ என்று கேட்பேனாம். அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

கோபமும் உண்டு. பொய்க் கோபம் பாதி, மெய்க் கோபம் பாதி. எது எது என்று எனக்கே சில நாள் தெரியாது.

அப்படிப்பட்ட நான் இந்தக் கோடை விடுமுறையில் ஒரு தீர்மானம் எடுத்தேன். என் மகளின் கணக்குக்கு நானே பொறுப்பு. என் முன்னறையில் ஒரு அங்குலம்கூட யாருக்கும் கிடையாது. இரண்டும் எப்படி ஒரே தீர்மானம் ஆனது என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

என் மனைவி பல் டாக்டரிடம் முன்மேஜையில் வேலை பார்க்கிறாள். வாசல்வரை வந்து, உள்ளே கேட்கும் சத்தத்தில் திரும்பி ஓடப் பார்க்கிறவர்களை நாற்காலியில் உட்காரவைப்பதுதான் அவள் வேலை. குரலை உயர்த்தவே மாட்டாள். ‘சும்மா ரெண்டு நிமிஷம் உட்காருங்க’ என்பாள். எழுந்து போகும்போது அந்த ஆளுக்கு இரண்டு பல் இருக்காது. அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

பள்ளிக்கூடம் மூடிய அன்று சாயங்காலம் என்னிடமும் அதே குரலில் ஆரம்பித்தாள்.

“ஏங்க, பொடிசோட டீச்சர் சொன்னாங்க. லீவுல சும்மா விட்டா பிள்ளைங்க கத்துக்கிட்ட கணக்கைப் பாதி மறந்துடுவாங்களாம். ஆன்லைன்ல தினம் பழகணுமாம்.”

“பாதிதானே. மீதி பாதி கையில இருக்குல்ல.”

“இது ஜன்னல் இல்லீங்க. அடுத்த வருஷம் அஞ்சாங்கிளாஸ். பின்னம் தடுமாறுது. தினம் ஒரு மணி நேரம் போடணும்.”

“பத்து நிமிஷம்.”

“முக்கால் மணி.”

“பதினஞ்சு நிமிஷம். அது பிள்ளையா, லாரி டிரைவரா?”

“சரி, இருபது. அதுக்குக் கீழ பேசாதீங்க.”

மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துவிட்டேன். அந்தக் குஷியில்தான் வாயை விட்டேன். “யார் உட்கார வைக்கப் போறது? நானே பார்த்துக்கறேன்.”

“வேண்டாங்க. உங்களால ஆகாது.”

எழுபது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டு ஜன்னல் கழற்றியவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? “ஆகும். என்ன பந்தயம்?”

அவள் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “முன்னறை.”

எங்கள் முன்னறையில் ஐந்து தேக்குக் கதவுகள் நிற்கின்றன. ஒரு பழைய மாளிகையிலிருந்து எடுத்தவை. நல்ல ஆள் வரும்வரை கடையில் வெயிலில் வைக்க மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்து மூன்று வருஷம் ஆகிறது. நல்ல ஆள் இன்னும் வரவில்லை. வருகிற விருந்தாளிகள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து உள்ளே வருவார்கள். அங்கே ஒரு மேஜை போட வேண்டும், பொடிசு படிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று வருஷமாக நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

“அந்த ஆன்லைன்ல ஒரு சங்கிலி காட்டுமாம்,” என்றாள். “ஒரு நாள் கணக்கு போட்டா ஒரு கண்ணி. ஒரே ஒரு நாள் விட்டாலும் சங்கிலி அறுந்து பூஜ்யம் ஆயிடும். நாப்பது நாள் நீங்க பொறுப்பு. சங்கிலி அறுந்துதுன்னா அஞ்சு கதவும் கடைக்குப் போயிடணும். முழு அறையும் எனக்கு.”

“அறுபடலைன்னா?”

“முன்னறையைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.”

“ஆயுசுக்கும்?”

“ஆயுசுக்கும்.”

இந்த மாதிரி சரக்கு வலிய வந்து மடியில் விழுந்தால் யோசிக்கக்கூடாது. கைகொடுத்துவிட்டேன். அவளே தன்னுடைய பழைய போனில் எல்லாவற்றையும் திறந்து, பெயர் போட்டு, தயார் பண்ணிக் கையில் கொடுத்தாள். அதற்குக் ‘கணக்கு போன்’ என்று பெயர் வைத்தோம்.

ஏற்பாடு இதுதான். காலையில் பொடிசு அம்மாவோடு பல் டாக்டரிடம் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். நாலு மணிக்கு அம்மா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் என் கடையில் இறக்கிவிடுவாள். நாலிலிருந்து கணக்கு. நான் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை.

முதல் நாள். “இருபது கணக்கு போடு,” என்றேன்.

“நாலு,” என்றது.

“என்னது?”

“நாலுப்பா. நாலும் பழுதில்லாம போட்டுத் தரேன். இருபது போட்டா பத்து தப்பாகும். உங்களுக்குச் சரக்கு முக்கியமா, எண்ணிக்கை முக்கியமா?”

என் வாயிலிருந்து என் வாடிக்கையாளர்களுக்குப் போகிற வசனம், என்னிடமே திரும்பி வந்து நின்றது.

“பதினெட்டு.”

“அஞ்சு.”

“பதினஞ்சுக்கு ஒரு எண்ணம் குறையாது.”

“சரிப்பா, கட்டாது. நான் வரேன்,” என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நிலைக்கட்டு அடுக்கு வரைக்கும் போய், அங்கே எதையோ பார்க்கிற மாதிரி நின்றது. கூப்பிடட்டும் என்று நிற்கிற நிற்பு அது. இந்தத் தெருவுக்கே அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். தெரிந்தும் கூப்பிட்டேன். எட்டுக்கு முடிந்தது.

இருபது நிமிஷக் கணக்குக்குத் தினமும் ஐம்பது நிமிஷம் பேரம். ஐந்தாம் நாள் நான் போட்ட சத்தத்தில் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் சட்டம் ஒன்று தானாகச் சரிந்து விழுந்தது. பொடிசு அழவில்லை. போனை மேஜைமேல் வைத்தது. “நாளைக்கு வேற கடை பாருங்கப்பா,” என்றது.

ஆறாம் நாள் நிஜமாகவே கடையை மூடிவிட்டது. நேராகப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போய் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக்காரர் என்னைவிட எட்டு வயது சின்னவர். நல்ல மனுஷர். வைரமுனையால் கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, இரண்டு தட்டு தட்டுவார், கோட்டோடு பிரிந்துவிடும். பிள்ளைக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. என் கண்முன்னால் ஐந்து கதவுகளும் தாமாக நடந்து வீட்டைவிட்டு வெளியே போயின. குரலில் தேனைத் தடவிக்கொண்டு போனேன்.

“கண்ணு, ஒரே ஒரு கணக்கு.”

“எப்பவும் சொல்வீங்களேப்பா, இதெல்லாம் எனக்குத் தூசுன்னு. நீங்களே போடுங்க. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.”

நான் கண்ணாடிக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

“சும்மா சொல்ல மாட்ட. உனக்கு என்ன வேணும்?”

“தினம் ஒரு மணி நேரம் இங்க உட்காருவேன். படின்னு கூப்பிடக்கூடாது.”

“அரை மணி.”

“முக்கால்.”

“முடிஞ்சுது,” என்றேன். கால் மணி மிச்சம்.

கடைக்குத் திரும்பி, கதவுகளுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத மூலையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கண்ணாடி போட்ட ஒரு ஆமை வந்து, ‘வா நண்பா, தொடங்கலாம்’ என்றது. நாலாம் வகுப்புக் கணக்கு. எனக்கா பயம்? கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் எல்லாம் என் இன்ச் டேப்பில் முப்பது வருஷமாகப் புரளுகிறது.

முதல் கேள்வி: மூன்றில் ஒன்றையும் ஐந்தில் இரண்டையும் கூட்டினால் எவ்வளவு?

எந்த டேப்பிலும் ஐந்தில் ஒரு பாகம் கிடையாது. இருந்தாலும் கூட்டல் கூட்டல்தானே. மேலே ஒன்றும் இரண்டும் மூன்று. கீழே மூன்றும் ஐந்தும் எட்டு. எட்டில் மூன்று என்று போட்டேன்.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ‘மறுபடி முயற்சி செய், நண்பா.’

மறுபடி போட்டேன். மறுபடி இழுத்துக்கொண்டது. ‘ஏறக்குறைய சரி’ என்று ஒத்துக்கொள்ளுமா என்று அங்கே இங்கே அமுக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷத் தொழிலில் இறங்கியே வராத ஒரு வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். கத்தினால் காது கேட்கவில்லை. எழுந்து போனால் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் போய் நின்றும் பார்த்தேன்.

பொடிசு தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரரிடம் போனேன்.

“தம்பி, ஒரு வாடிக்கையாளர் கேக்கறார். மூணுல ஒண்ணும் அஞ்சுல ரெண்டும் சேர்த்தா என்ன வரும்?”

“எந்த வாடிக்கையாளர் அண்ணே?”

“வெளியூர்க்காரர்.”

அவர் ஒரு கழிவுக் கண்ணாடியை எடுத்து எழுதுகோலால் கோடு போட்டார். “ஒரே கண்ணாடி. மூணா வெட்டினா ஒரு துண்டு பெரிசு. அஞ்சா வெட்டினா துண்டு சின்னது. பெரிசையும் சின்னதையும் சேர்த்து மூணு துண்டுன்னா யார் ஒத்துக்குவா? எல்லாம் ஒரே அளவா இருக்கணும். பதினஞ்சா வெட்டுங்க.”

“பதினஞ்சா வெட்டினா அதை யார் வாங்குவா?”

“விக்கறதுக்கில்லை அண்ணே, எண்ணறதுக்கு. மூணுல ஒண்ணுன்னா அஞ்சு துண்டு. அஞ்சுல ரெண்டுன்னா ஆறு துண்டு. மொத்தம் பதினொண்ணு.”

பதினைந்தில் பதினொன்று. ஆமை எழுந்து நின்று ஆடியது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு நான் மூலைக்குப் போய்விடுவேன். வாடிக்கையாளர் வந்தால் ‘சரக்கு எண்ணிக்கிட்டு இருக்கேன், உட்காருங்க’ என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன். ‘வெளியூர்க்காரர்’ ஒரு வாரம் கேள்வி அனுப்பினார். அப்புறம் அவரே கற்றுக்கொண்டார். இருபது நிமிஷம் நாற்பதாயிற்று. சின்னதைப் பெரிசாக்குவது, பெரிசைச் சுருக்குவது, எது பெரிது எது சிறிது என்று நிறுத்துப் பார்ப்பது, எல்லாம் வந்துவிட்டது. ஒருநாள் பத்துக்குப் பத்து. ஆமை மாலை போட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன், காட்ட ஆள் இல்லை. ஒரு நிலைக்கட்டிடம் காட்டினேன்.

இருபத்தெட்டாம் நாள் கட்டடம் இடிக்கிற ஒப்பந்தக்காரர் வந்தார். அவருக்கும் எனக்கும் பழைய ஏற்பாடு. என் ஆட்கள் ஜன்னல் எல்லாவற்றையும் சேதமில்லாமல் இறக்கித் தர வேண்டும். ஐந்துக்கு இரண்டு ஜன்னல் எனக்கு, மீதி அவருக்கு.

“பாதி அண்ணே, இந்தத் தடவை நாப்பது ஜன்னல். நீங்க பழகின மனுஷன். ரெண்டு என்ன ரெண்டு, மூணா எடுத்துக்கங்க. எட்டுக்கு மூணு.”

போன வருஷமாக இருந்தால், ரெண்டு மூணாயிற்றே என்று டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்போது மனசுக்குள் ஆமை எழுந்து உட்கார்ந்தது.

“எட்டுல மூணுன்னா பதினஞ்சு ஜன்னல். அஞ்சுல ரெண்டுன்னா பதினாறு. ஒரு ஜன்னலை எங்க ஒளிச்சு வெச்சீங்க?”

அவர் முகம் போன போக்கு இருக்கிறதே. “யார் அண்ணே உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?” என்றார்.

“அனுபவம்,” என்றேன்.

அந்த வெற்றியை வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? சாப்பிடும்போது சொன்னேன், படுக்கும்போது சொன்னேன், மறுநாள் பல் துலக்கிக்கொண்டே சொன்னேன். “அஞ்சுல ரெண்டுதான் பெரிசு, எட்டுல மூணு சின்னது. எவனும் என்னை ஏமாத்த முடியாது.” மனைவி, “அப்படியாங்க,” என்று கேட்டுக்கொண்டாள். பொடிசு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் மனசாட்சி எட்டிப் பார்த்ததும் உண்மை. போனில் சங்கிலி நீளுகிறது. பிள்ளை கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறது. அஞ்சாங்கிளாஸில் போய் முழிக்குமே. ஒருநாள் தனியாகக் கேட்டேன்.

“கண்ணு, பின்னம் கின்னம் ஞாபகம் இருக்கா?”

“இருக்குப்பா.”

“எப்படி?”

“இருக்குப்பா.”

என் ரத்தம், தானாக வரும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கணக்கை முடித்தேன். முன்னறையில் ஐந்து கதவுகளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டேன். பக்கவாட்டில் நடந்து வந்தாள். போனை நீட்டினேன்.

“எண்ணிக்கோ. நாப்பது கண்ணி. ஒண்ணுகூட அறுபடலை.”

“அருமைங்க,” என்றாள். “கடைசி பத்து நாள்ல எல்லாமே பத்துக்குப் பத்து. நல்லா வந்துட்டீங்க.”

“வந்துட்டேனா? வந்துட்டா, பொடிசு.”

“மேல யார் பேர் போட்டிருக்கு, பாருங்க.”

நான் எந்தக் காகிதத்திலும் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். மேலே இருப்பதைப் படிப்பவன் இல்லை. இப்போது பார்த்தேன். ஆமையின் தலைக்கு மேலே, சின்ன எழுத்தில், ‘அப்பா’ என்று இருந்தது.

அவள் தன் கைப்பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தாள். அதிலும் அதே ஆமை. மேலே ‘பொடிசு’. அதிலும் நாற்பது கண்ணி. ஆனால் பாடம் அஞ்சாம் வகுப்புப் பாடம்.

“தினம் காலையில என் மேஜைக்குப் பின்னாடி உட்கார்ந்து போட்டுடுவா,” என்றாள். “நீங்க பொறுப்பு எடுத்துக்கறேன்னு சொன்னப்பவே உங்க பேர்லயும் ஒண்ணு திறந்துட்டேன். உங்க கோபத்தை நம்பிப் பிள்ளை கணக்கை விட முடியுமா?”

பொடிசு கதவுகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டியது. “அதான்பா அந்த அஞ்சு நாளும் பேரம் பேசினேன். காலையில ஒரு தடவை போட்டுட்டு, சாயங்காலம் உங்களுக்கும் போடணும்னா கட்டுமா?”

எனக்குக் கோபம் வந்தது. இது மெய்க் கோபம். ஆனால் வியாபாரி கோபத்திலும் கணக்கு பார்க்க வேண்டும். பார்த்தேன். பார்த்ததும் பிடி கிடைத்தது.

“இரு. சங்கிலி அறுந்ததா? அறுபடலை. என்னுதும் அறுபடலை, அவளுதும் அறுபடலை. பந்தயம் எனக்கு. அறை எனக்கு.”

“அவ சங்கிலிக்கு நீங்க பொறுப்பா இருந்தீங்களா? அதுதானே பேச்சு. முழு அறையும் எனக்கு.”

“கால் பங்கு தரேன்.”

“முக்கால்.”

“மூணுல ஒண்ணு.”

“பாதி. உங்க பேரே அதுதானே.”

நான் எழுந்து வாசல்வரை போய் நின்றேன். அவள் கூப்பிடவில்லை. திரும்பி வந்தேன். கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “எட்டுல மூணு. அதுக்கு மேல ஒரு அங்குலம் கிடையாது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு விரல்விட்டு எண்ணினாள். சோர்ந்துபோன மாதிரி நிமிர்ந்தாள். “சரி, உங்க வாய்க்கு என்னால ஆகாது. அஞ்சுல ரெண்டாவது குடுங்க. மீதி உங்களுக்கு.”

மனசுக்குள் சட்டென்று ஓட்டிப் பார்த்தேன். அறை அகலம் பத்தடி. எட்டில் மூன்று என்றால் மூன்றே முக்கால் அடி. ஐந்தில் இரண்டு என்றால் நாலடி. வித்தியாசம் வெறும் மூன்று அங்குலம். எனக்கு ஆறடி. ஐந்து கதவும் தாராளமாகச் சாய்ந்து நிற்கும். முழு அறை கேட்டவளை அதற்குள் அடக்கிவிட்டேன். நாற்பது நாள் படிப்பு வீண் போகவில்லை.

“போ, பிழைச்சுப் போ,” என்று கைகொடுத்தேன்.

கையை எடுப்பதற்குள் வாசல் மணி அடித்தது. கண்ணாடிக்காரர். கூட ஒரு மேஜை, வண்டியில். மேஜைக்கு மேல்கண்ணாடி, விளிம்பெல்லாம் தேய்த்து, பளபளவென்று. அவரும் வண்டிக்காரரும் தூக்கிவந்து அறை ஓரத்தில் வைத்தார்கள். பொடிசு அதற்குள் நாற்காலியோடு தயாராக நின்றது. நான் இடுப்பிலிருந்து டேப்பை உருவி மேஜையை அளந்தேன். நாலடி. ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

“தம்பி, இது எப்ப சொன்ன சரக்கு?”

“பத்து நாளாச்சு அண்ணே,” என்றார் கண்ணாடிக்காரர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. “‘முழு அறையும் கேட்டா அவர் அஞ்சுல ரெண்டுக்கு வந்து நிப்பார், நாலடிக்கே வெட்டிடுங்க’ன்னு அண்ணி அன்னிக்கே சொல்லிட்டாங்க.”